கட்டு அவிழ்த்த பிறகு

விளையாட்டுக் காயங்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருப்பதியில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

நீங்கள் விளையாட்டு வீரர்களுக்கான பிசியோ ஆனது எப்படி?
— கல்லூரி மாணவி, சித்தூர்

ஓட முடியாமல் போனதால்.

நகரிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, மைதானத்தில் இரண்டும். 800 மீட்டர் ஓடுவேன். பத்தாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கணுக்கால் மடங்கியது. கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து அவிழ்த்தார்கள். உள்ளே இருந்து வந்தது என் கால் போலவே இல்லை. மெலிந்து, வெளுத்து, யாருடையதோ போல இருந்தது. "சரியாயிடுச்சும்மா, போ" என்றார்கள். போனேன். பதினைந்தாம் நாள் ஓடினேன். அதே கால் அதே இடத்தில் மடங்கியது. அந்த ஆண்டில் மட்டும் மூன்று முறை. அதோடு ஓட்டம் நின்றது.

கட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். கட்டு அவிழ்க்கும் நாளுக்கும் களத்தில் இறங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. நாலரை ஆண்டு பி.பி.டி., பிறகு விளையாட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டு எம்.பி.டி. படித்தேன். இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்த ஆள் நான்.

பிசியோ என்றால் எண்ணெய் போட்டு உருவி விடுபவர்தானே?
— கபடி வீரர், நகரி

உருவி விடுவது எங்கள் தொழிலுக்குப் பாட்டி முறை. 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் சேர்ந்து, மசாஜ் பயின்றவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். நம் நாட்டில் இந்தத் தொழிலை வரவழைத்தது இளம்பிள்ளை வாதம். அந்த நோயில் கால் சூம்பிய குழந்தைகளை எழுப்பி நிறுத்த ஆள் தேவைப்பட்டது. 1953-இல் மும்பையில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது.

என் கை உங்கள் தசையைத் தளர்த்தும். அதற்கு வலு ஏற்ற உங்கள் தசை உழைத்தால்தான் உண்டு. அதனால் என் அறையில் நீங்கள் படுத்திருக்கும் நேரம் கொஞ்சம், வியர்க்கும் நேரம் அதிகம்.

அப்படியானால் டாக்டர், பிசியோ, டிரெய்னர் மூவரில் யாருக்கு என்ன வேலை?
— உடற்கல்வி ஆசிரியர், பலமனேர்

என்ன முறிந்தது, எது கிழிந்தது என்று கண்டுபிடித்து, வேண்டுமானால் அறுத்துச் சரிசெய்வார் டாக்டர். காயம்பட்ட உறுப்பை மறுபடி வேலைக்குப் பழக்குவது பிசியோ. தேறிய உடம்பைப் போட்டிக்குத் தகுந்த வலுவுக்குக் கொண்டுபோவது டிரெய்னர். 2011-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அணியின் உடல்வலுப் பயிற்சியாளராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன். காயங்களைக் கவனிக்க அணியில் தனியாகப் பிசியோவும் உண்டு. மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் வீரர் பிழைப்பார். ஒருவர் "ஓடு" என்றும் இன்னொருவர் "ஓடாதே" என்றும் சொன்னால், வீரர் தன் நண்பனிடம்தான் யோசனை கேட்பார்.

புத்தூர் கட்டு நல்லதா, கெட்டதா? நேராகச் சொல்லுங்கள்.
— வாசகர், புத்தூர்

நேராகவே சொல்கிறேன், உங்கள் ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவும்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் "புத்தூர் கட்டு" என்று ஒரு பலகை கண்ணில் படும். அந்தப் பெயருக்கு ஊற்று புத்தூரை அடுத்த ராச்சபாளையம். 1881-இல் கேசவ ராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்வார்கள். வேட்டையில் அடிபட்ட முயலைத் தழையில் சுற்றி எடுத்துவந்தபோது அதன் முறிந்த எலும்பு கூடியிருந்தது என்று ஒரு கதையும் கூடவே வரும். பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இவ்வளவுதான் கட்டு. எலும்பு வைத்தியர் எட்டாத தூரத்திலும், அறுவைச் சிகிச்சை எட்டாத விலையிலும் இருந்த தலைமுறைகளை நடக்க வைத்த கட்டு அது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் எலும்பைக் கூட்டுவது எலும்பேதான். தானாகக் கூடுவது அதன் சுபாவம். கட்டின் வேலை அதை நேராகவும் அசையாமலும் வைத்திருப்பது. ஆகவே விலகாத, சாதாரண முறிவு அசையாமல் இருந்தால் கூடிவிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், மூட்டுக்குள் முறிந்திருந்தால், இடுப்பு அல்லது முதுகெலும்பு என்றால், குழந்தையின் முழங்கை என்றால், கட்டு போதாது. விரல் நீலமாகிறது, மரத்துப்போகிறது, கட்டுக்குள் வலி மணிக்கு மணி ஏறுகிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால் கையோ காலோ போய்விடும். முதலில் எக்ஸ்ரே, முதலில் எலும்பு மருத்துவர். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பச்சிலைக் கட்டானாலும் மாவுக்கட்டானாலும், அவிழ்க்கும் நாளில் எலும்பு மட்டும்தான் தயார். தசை இளைத்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும், ஒற்றைக்காலில் நிற்கும் நிதானம் போயிருக்கும். நம் ஊரில் யார் நன்றாகக் கட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவிழ்த்த பிறகு யாரிடம் போவது என்று யாரும் கேட்பதில்லை. கட்டு அவிழ்த்த நாள் வைத்தியம் முடிந்த நாள் என்று நினைக்கிறோம். என் கணக்கில் அது பாதி நாள்.

கால் பிசகினால் ஐஸா, வெந்நீர் ஒத்தடமா?
— இல்லத்தரசி, காளஹஸ்தி

முதல் இரண்டு நாள் வெந்நீர் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். உள்ளே கசியும் ரத்தத்தை இரண்டும் கூட்டும்.

ஐஸ் கதை சுவையானது. ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, காலைத் தூக்கி வை என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978-இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். உலகமே அதை மனப்பாடம் செய்தது. பல ஆண்டு கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே திருத்திச் சொன்னார். தான் சொன்னதைத் தானே திருத்த ஒரு பெரிய மனசு வேண்டும். இன்று எங்கள் நிலை இது: வலி தாங்க முடியாவிட்டால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐஸ் வைக்கலாம், அது வலிக்கு மட்டும் மருந்து. காலை உயர்த்தி வையுங்கள், லேசான கிரேப் பேண்டேஜ் போதும். இரண்டு மூன்று நாளில், வலி அனுமதிக்கும் அளவுக்கு அசைக்கத் தொடங்குங்கள்.

எக்ஸ்ரே தேவையா என்று தெரிய கனடா மருத்துவர்கள் 1992-இல் வகுத்த ஒரு விதி உண்டு; உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். எலும்பிலேயே வலித்தாலோ, அந்தக் காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே கட்டாயம்.

போட்டி நடுவே ஸ்பிரே அடித்தால் வலி போய்விடுகிறதே, எப்படி?
— பள்ளி மாணவர், குப்பம்

போவதில்லை தம்பி. தோல் சட்டென்று குளிர்ந்து, கொஞ்ச நேரம் வலியைச் சொல்ல மறந்துவிடுகிறது. அடிபட்டது அடிபட்டபடியே உள்ளே இருக்கிறது. முட்டியில் லேசாக இடித்துக்கொண்டதற்கு ஸ்பிரே சரி. மூட்டு பிசகிய பிறகு ஸ்பிரே அடித்து ஆடுவது, வீட்டில் புகை வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது மாதிரி.

எங்கள் கபடி அணியில் இறுதிப் போட்டிக்கு முன் முழங்காலில் ஊசி போட்டு ஆட வைக்கிறார்கள். சரியா?
— வீரர் ஒருவரின் அண்ணன், சத்தியவேடு

சரியில்லை. இரண்டு காரணம்.

முதலாவது உங்கள் தம்பியின் முழங்கால். வலி ஒரு காவலாளி. அவரை மயக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால், பாதி கிழிந்த ஜவ்வு முழுதாகக் கிழியும்போது கூவ ஆளிருக்காது. கபடியில் ரெய்டரின் காலைப் பிடித்து இழுக்கும் அந்த நொடியில் முழங்கால் திருகும் வேகத்துக்கு, நல்ல ஜவ்வே திணறும்.

இரண்டாவது சட்டம். அந்த ஊசி பெரும்பாலும் க்ளூகோகார்டிகாய்டு வகை ஸ்டீராய்டாக இருக்கும். 2022 ஜனவரி 1 முதல், போட்டிக் காலத்தில் இந்த மருந்தை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் தடை என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு விதி செய்திருக்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் முறைப்படி விலக்கு வாங்க வேண்டும். என்ன மருந்து என்று தெரியாமல் ஊசிக்குக் கை நீட்டுபவர், தன் பெயரையும் சேர்த்து நீட்டுகிறார். மருந்துச் சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் தம்பியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்களிடம் ஒரு வீரர் வந்தால் முதலில் என்ன பார்ப்பீர்கள்?
— பிசியோதெரபி மாணவர், திருப்பதி

வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்து வருவதை. தான் பார்க்கப்படுகிறோம் என்று தெரியாதபோது உடம்பு பொய் சொல்லாது. பிறகு செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது பல மாதத்துச் சாட்சி.

அடுத்து கேள்விகள். எப்போது தொடங்கியது, அதற்கு முந்தைய மாதம் பயிற்சியில் என்ன மாறியது? எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்? அடுத்த போட்டி என்று? இந்த மூன்றுக்குப் பதில் கிடைத்தால் பாதி நோய் தெரிந்துவிடும். நாளுக்கு மூன்று கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் போலீஸ் தேர்வுக்காகத் திடீரென்று பத்து ஓடியிருப்பார். புது ஷூ வாங்கியிருப்பார். மண் தரையிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறியிருப்பார்.

வலிக்கும் இடத்தைக் கடைசியில்தான் தொடுவேன். முழங்கால் வலி என்று வருபவரின் இடுப்புத் தசையைச் சோதிப்பேன். அது தளர்ந்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் உட்பக்கமாகச் சாயும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. சாய்ந்த தூணில் அந்தப் பாரம் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் தூண் அழத்தானே செய்யும்? அழுவது முழங்கால், தப்பு இடுப்பில். மாணவராகிய உங்களுக்குச் சொல்கிறேன்: நோயாளி விரல் வைத்துக் காட்டும் இடத்தை மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள். தேடுவதை அதற்கு மேலும் கீழும் தொடங்குங்கள்.

கரண்ட் வைத்தால் சீக்கிரம் குணமாகுமா?
— வாசகர், ஸ்ரீகாளஹஸ்தி சாலை, திருப்பதி

வலி கொஞ்சம் குறையும். அந்த இடைவெளியில் உடற்பயிற்சி செய்தால் பலன் உண்டு. கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால், பலன் கரண்ட் பில்லோடு சரி.

தொடைப் பின்நரம்பு ஒவ்வொரு சீசனும் இழுத்துக்கொள்கிறது. என்ன செய்வது?
— 100 மீட்டர் ஓட்டக்காரர், எஸ்.வி. பல்கலைக்கழக மைதானம்

நரம்பு என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், இழுப்பது தசை. வேகமாக ஓடும்போது கால் முன்னே வீசி நீள்கிற கணத்தில், அந்தத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடவும் வேண்டும். அந்தக் கணத்தில்தான் கிழிகிறது. நீங்கள் ஓய்வெடுக்கிறீர்கள், வலி போகிறது, ஓடுகிறீர்கள், மறுபடி கிழிகிறது. நடுவில் தசைக்கு அந்த பிரேக் வேலையை யாரும் கற்றுத்தரவில்லை.

கற்றுத்தர எளிய பயிற்சி ஒன்று உண்டு, செலவில்லை. பாய் விரித்து மண்டியிடுங்கள். நண்பர் உங்கள் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். உடம்பை நேராக வைத்தபடி மெல்ல, மிக மெல்ல முன்னால் சாயுங்கள். தாங்க முடியாதபோது கையூன்றுங்கள். நார்டிக் பயிற்சி என்று பெயர். இதை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். முதல் வாரம் தசை கடுகடுக்கும். வாரம் ஒரு தடவையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். சீசன் முழுக்க விடாதீர்கள்.

மகனுக்கு வயது 15. வேகப்பந்து வீசுகிறான். இடுப்புக்கு மேல் வலி என்கிறான். வளரும் வலிதானே?
— தந்தை, மதனப்பள்ளி

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். வீசும்போதும் முதுகைப் பின்னால் வளைக்கும்போதும் ஒரே பக்கம் வலித்தால், முதுகெலும்பில் மயிரிழை விரிசலுக்கு வாய்ப்புண்டு. முன்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போல் நாலைந்து மடங்கு விசை மேலேறுகிறது. அதே கணத்தில் முதுகு வளைந்து திரும்பவும் செய்கிறது. வளரும் எலும்பு அதைத் தாங்க நாள் வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் சிறுவர்கள் ஒரு நாளில் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயது வாரியாக வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

பும்ராவைப் பாருங்கள். முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் அறுவைச் சிகிச்சை, ஆகஸ்டில்தான் திரும்பினார். நாட்டின் மிகச் சிறந்த வசதி சூழ இருந்தவருக்கே இவ்வளவு நாள். உங்கள் மகன் பள்ளி அணி, கிளப் அணி, தெரு டோர்னமெண்ட் என்று மூன்று இடத்தில் வீசினால், மூன்று கேப்டனுக்கும் தங்கள் ஓவர் மட்டும்தான் தெரியும். மொத்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு நோட்டு வாங்குங்கள், தினமும் எத்தனை பந்து என்று எழுதுங்கள். இப்போதைக்கு வீசுவதை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லோர் முன்னும் கேட்கக் கூச்சம். நீண்ட தூரம் ஓடுகிறேன். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கெண்டைக்கால் எலும்பில் வலி. கோச், "நல்லதுதான், எடை குறைந்தால் வேகம் வரும்" என்கிறார்.
— பெயர் வேண்டாம், சித்தூர்

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி, கண்ணு. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி உன்னுடையது.

நல்லதே இல்லை. ஓட்டத்துக்குச் செலவாகும் சக்தி அளவுக்கு நீ சாப்பிடவில்லை. உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கி, முதலில் மாதவிலக்கை நிறுத்துகிறது. அதைக் காத்த ஹார்மோன்தான் எலும்பையும் காக்கிறது. அது குறைந்தால் எலும்பு மெலிந்து விரிசல் விடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்தது. ஆண் வீரர்களுக்கும் வருகிறது; அவர்களுக்கு வெளியே தெரியும் அடையாளம் குறைவு.

இரண்டு வேலை செய். இந்த வாரமே ஒரு பெண் மருத்துவரைப் பார்த்து இரண்டையும் சேர்த்துச் சொல்: மாதவிலக்கையும் எலும்பு வலியையும். வேறு காரணம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். அதுவரை ஓட்டத்துக்கு லீவு. மறுபடி ஓடத் தொடங்கியதும், பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சாப்பிடு. நம் ஊர் ராகி சங்கட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் முட்டையும் எந்த விலையுயர்ந்த டப்பாவுக்கும் குறைந்தவை அல்ல. கோச்சிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கொடு.

முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். வலியே இல்லை. ஏன் இன்னும் ஆட விடமாட்டேன் என்கிறீர்கள்?
— கால்பந்து வீரர், திருப்பதி

வலி இல்லை என்பது உங்கள் முழங்கால் சொல்லும் செய்தி. புது ஜவ்வு இன்னும் எதுவும் சொல்லவில்லை, அது முதிர்ந்துகொண்டிருக்கிறது.

நார்வேயிலும் அமெரிக்காவிலும் இப்படி அறுவை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வந்த ஆய்வு ஒன்று, எங்கள் தொழிலின் பழக்கத்தையே மாற்றியது. களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. ஒன்பதாவது மாதம் வரை இந்தக் கணக்கு. அதனால் காலண்டரில் ஒன்பது மாதம். கூடவே காலுக்குப் பரீட்சை: தொடை வலு மற்ற காலின் வலுவில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும், ஒற்றைக் காலில் தாவினால் தூரமும் அதே அளவு வர வேண்டும், இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாயக் கூடாது. காலண்டரில் தேறிக் காலில் தோற்றால், நாள் தள்ளும்.

நம் ஆந்திரத்துப் பிள்ளை, பாட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்துக்கு 1994-இல் புணே தேசிய விளையாட்டில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. பிறகு பல அறுவை. அவர் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றது 2001-இல். நடுவில் ஏழு ஆண்டு. உங்களிடம் நான் கேட்பது இன்னும் நான்கு மாதம்.

நீகேப் போட்டுக்கொண்டு ஆடலாமா?
— வாலிபால் வீரர், பீலேரு

ஆடலாம். தைரியம் தரும், கதகதப்புத் தரும். வலு தராது. அதை உள்ளே தொடைத் தசையில் தைத்துக்கொள்ள வேண்டும்.

காயம் வராமலே இருக்க வழி உண்டா?
— பி.இ.டி. ஆசிரியை, சந்திரகிரி

அடியோடு தடுக்க வழியில்லை. குறைக்க நல்ல வழி உண்டு, அதுவும் உங்கள் கையில். கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா '11+' என்று இருபது நிமிட வார்ம் அப் ஒன்றை வகுத்திருக்கிறது; ஓட்டம், ஒற்றைக்கால் நிதானம், தாவி இறங்குதல், நார்டிக் எல்லாம் அதில் அடக்கம். நார்வேயில் இளம்பெண்களிடம் அதைச் சோதித்தபோது காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம். பள்ளியில் மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடவிட்டு நேரே ஆட்டத்துக்கு விடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மேடம்.

ரிஷப் பந்த் மீண்டு வந்தது அதிசயம்தானே?
— கிரிக்கெட் ரசிகர், கார்வேட்டிநகரம்

கார் விபத்து 2022 டிசம்பர் 30. ஐ.பி.எல். களத்துக்கு வந்தது 2024 மார்ச் 23. நடுவில் ஏறக்குறைய பதினைந்து மாதம். ஊன்றுகோல், பிறகு ஊன்றுகோல் இல்லாமல் ஓர் அடி, நீச்சல் குளத்து நீருக்குள் நடை, படி, பெங்களூரு அகாடமியில் நாள் தவறாத பயிற்சி. உயிர் பிழைத்ததை அதிசயம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மட்டை பிடித்தது உழைப்பு. அதிசயம் என்று சொல்லிவிட்டால் நம் பிள்ளைகள் காத்திருக்கத்தான் கற்பார்கள்.

இந்தப் பக்கத்தில் நல்ல சிகிச்சை எங்கே கிடைக்கும்? படிக்க இடம் உண்டா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, புங்கனூர்

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை எலும்பு, மூட்டு, மறுவாழ்வுக்கென்றே இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய எத்தனையோ பேரை எழுப்பி நிறுத்திய இடம். ஸ்விம்ஸ் மருத்துவமனை வளாகத்தில் பிசியோதெரபிக் கல்லூரி உண்டு. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர் சி.எம்.சி.

வேலூர் என்றதும் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேரி வர்கீஸ், அங்கே இளம் டாக்டர். 1954-இல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. உயிர் காப்பாற்றியதோடு மருத்துவம் முடிவதில்லை, மனிதர் தன் வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தன் உடம்பாலேயே நிரூபித்தவர். நீ இந்தத் தொழிலுக்கு வந்தால், முதல் நாள் அந்த அம்மாவை நினைத்துக்கொள்.

உங்கள் வைத்தியம் பதக்கம் வாங்குபவர்களுக்கு மட்டும்தானா?
— மாங்காய் மண்டித் தொழிலாளி, தாமலசெருவு

பெரியவரே, மாம்பழ சீசனில் விடியற்காலை தொடங்கி இருட்டும் வரை கூடை கூடையாகத் தோதாபுரி சுமந்து லாரி ஏற்றும் உங்களைவிடக் கடுமையாகப் பயிற்சி செய்யும் வீரர் என்னிடம் வந்ததில்லை. ஓட்டக்காரருக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். சீசன் தொடங்கும் வாரமே முழுச் சுமை வேண்டாம். கூடையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, காலால் எழும்புங்கள். தோளை மாற்றி மாற்றிச் சுமந்திடுங்கள். அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் முன்பே வாருங்கள். காலையும் முதுகையும் வலுப்படுத்திவிட்டு மண்டிக்கு அனுப்புகிறேன். காசு பற்றிப் பிறகு பேசலாம்.

மகனுக்கு ஜவ்வு ஆபரேஷன் ஆகி ஐந்தாம் மாதம். அவனை அழைத்துக்கொண்டு திருமலைக்குப் படியேறி வருவதாக வேண்டியிருக்கிறேன். இப்போது போகலாமா?
— ஒரு தாய், ஏகாம்பரகுப்பம்

இப்போது வேண்டாம் அம்மா. போவீர்கள், அதற்கு அவனைத் தயார் செய்வோம்.

அலிபிரி வழியில் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழி 2,388; தூரம் குறைவு, செங்குத்து அதிகம். படியேறும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னே உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் அழுத்தம் விழும். முதலில் வீட்டில் ஒரு படியில் அந்தக் காலை மட்டும் ஊன்றி மெல்ல இறங்கி ஏறட்டும். முழங்கால் ஆடாமல், வீங்காமல் இருபது முறை வந்தால் பிறகு வீட்டு மாடி, பிறகு மூன்று மாடி. வாரா வாரம் கூட்டுவோம். மலைக்குப் போகும் நாளிலும் ஏறுவது மட்டும் நடந்து, இறங்குவது பஸ்ஸில். இறக்கத்தில்தான் தொடைத் தசை விடாமல் பிரேக் போட்டுச் சோரும்.

அலிபிரி வழியில் நான் பலமுறை ஏறியிருக்கிறேன். தொடங்கியதும் காலி கோபுரம் வரை ஒரே ஏற்றம். மூச்சு வாங்கும், ஆனால் ஒவ்வொரு படியிலும் ஊர் கீழே இறங்குவது தெரியும். அதற்குப் பிறகு வெகுதூரம் சமதளம். மான் பூங்கா தாண்டி நடந்துகொண்டே இருப்போம், ஏறுகிற மாதிரியே இருக்காது. கடைசியில் வருகிறது மோக்காள்ள பர்வதம். நம் தமிழ்க்காரர்கள் அதை முழங்கால் முறிச்சான் என்பார்கள். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலால் ஏறினார் என்று சொல்லும் இடம்.

உங்கள் மகன் இப்போது நடுவில் இருக்கிறான் அம்மா. முதல் மூன்று மாதம் ஊன்றுகோலை விட்டான், மடக்கினான், நடந்தான். நாளுக்கு நாள் தெரிந்தது. இப்போது எதுவும் நடக்காதது போலிருக்கும். பெரும்பாலானவர்கள் பயிற்சியை விடுவது இந்தச் சமதளத்தில்தான். நானும் ஒருகாலத்தில் இங்கேதான் தனியாக விடப்பட்டேன். முழங்கால் முறிச்சான் அவனுக்கு இன்னும் முன்னால் இருக்கிறது, அதற்கான வலு இந்த நடையில்தான் சேர வேண்டும். திங்கட்கிழமை அவனை அனுப்பி வையுங்கள். வேண்டுதலுக்கு நாள் குறிக்கும்போது எனக்கும் சொல்லுங்கள், கூட ஏறுகிறேன்.